பெயரை மறைத்த இரண்டு கிட்டார்கள்

எங்கள் சர்வீஸ் அறைக்குள் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வந்தால் முதல் வேலை அதன் பெயரை மறைப்பது. தலைப்பகுதியில் கம்பெனியின் பெயர் இருக்கும் இடத்தில் பழுப்பு நிற ஒட்டுத்தாளை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து ஒட்டுவோம். விலைச்சீட்டைக் கழற்றி டிராயரில் போடுவோம். அதன் பிறகுதான் கிட்டார் மேசைக்கு வரும். பதினேழு ஆண்டுகள் இதைச் செய்தேன்.

இப்போது அந்த அறையில் வேலை பார்க்கும் இருவர் சென்ற மாதம் என்னிடம் போனில் ஒரு கேள்வி கேட்டார்கள். விலை குறைந்த கிட்டாரை வாங்கி அதன் பாகங்களை மாற்றிக்கொள்வது மேலா, நடுத்தர விலையில் ஒன்றை நேராக வாங்கிவிடுவது மேலா? வருகிறவர்கள் எல்லாரும் நான்கு வீடியோ பார்த்துவிட்டு வந்து இதையே கேட்கிறார்களாம். ஐந்து நிமிடம் பதில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அருள் என்ற வாடிக்கையாளரைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்றேன்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த எனக்கு முதலில் கிடைத்தது ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை. ஆறு ஆண்டுகள் பார்த்தேன். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். 1991இல் கன்டோன்மென்ட் பக்கம் இருந்த இசைக்கருவிக் கடை ஒன்றில், சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கிட்டார் வாசிக்கத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் ப்ரூஃப் பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரியின் பொருளில் மயங்காமல் எழுத்தை மட்டும் பார்ப்பார்கள். கிட்டாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளை, ஃப்ரெட் என்பார்கள், அவற்றைப் பார்க்க அந்தக் கண் போதுமானதாக இருந்தது. மற்றதை இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன்.

சர்வீஸ் அறைக்குப் பொறுப்பாளர் ராயப்பன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். முன்பு ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவர். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை நான்கு மடிப்பாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில், மடித்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டுவது, அது மட்டும் வாசிக்கத் தெரியும். எந்தக் கிட்டாரிலும் அதை மட்டும் ஒரு முறை மீட்டிவிட்டுக் கீழே வைப்பார். நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்ற சொற்கள் அவரிடம் செல்லாது.

"சவுண்டு டல்லா இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், "எங்க?" என்பார்.

"எங்கன்னா... மொத்தமாவே."

"மொத்தமாங்கிறது ஒரு எடம் இல்லீங்களே. தடிச்ச கம்பியிலயா, மெல்லிசுலயா? வால்யூமை ஏத்துனா டல்லா, எறக்குனா டல்லா?"

வந்தவர் எரிச்சலோடு கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டுவார். பாதிப்பேருக்கு அந்த நிமிடமே பழுது எங்கே என்று தெரிந்துவிடும். மீதிப்பேர் ராயப்பனைத் திட்டிக்கொண்டே படியிறங்குவார்கள்.

இரண்டு கிட்டார்களை ஒப்பிட அவர் வைத்திருந்த முறை இது. ஒரே பாக்கெட் வகையிலிருந்து, ஒரே தடிமனில், புதுக் கம்பிகளை இரண்டிலும் போட வேண்டும். ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மறுநாள் கழுத்தின் விளிம்பில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். வளைவு இருந்தால் தெரியும். விரலை விளிம்போடு ஓட்ட வேண்டும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்து மரம் சுருங்கும்போது மலிவுக் கிட்டார்களில் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். அடுத்து ஒவ்வொரு கம்பியையும் விரல் வைக்காமல் ஒரு முறை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முறை மீட்டி, சுருதி மீட்டரில் முள் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷோரூமில் இருந்த பெரிய ஆம்பை, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, அவர் தொடவிடமாட்டார். "அதுல எதைச் சொருகுனாலும் நல்லாத்தான் கேக்கும், வசந்தா. செருப்பைச் சொருகுனாலும்" என்பார். எங்கள் மேசையில் ஒரு சிறிய ஆம்ப் இருந்தது. அதில்தான் எல்லாம்.

முடிவை அரைத்தாளில் எழுத வேண்டும். நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'மாறாதது', வலது பக்கம் 'மாற்றலாம்'. கழுத்து, மரம், ஃப்ரெட் பதித்த இடங்கள் இடது பக்கம். கம்பியை முறுக்கும் கீக்கள், கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்புகள், சுவிட்ச், ஒயர் எல்லாம் வலது பக்கம். இடது பக்கத்தில் குறை இருந்தால் அந்தக் கிட்டாருக்குப் பாகம் மாற்றச் சொல்லக் கூடாது. வலது பக்கத்தில் மட்டும் குறை இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த அரைத்தாள்கள் எனக்குக் கற்றுத்தந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் வந்த மலிவுக் கிட்டார்களில், ஒரே பெட்டி வரிசையில் வந்த இரண்டில் ஒன்று ரூல்தடி மாதிரி நேராக இருக்கும், அடுத்தது வளைந்திருக்கும். நடுத்தர விலையில் அப்படி வராது. பத்தை எடுத்தாலும் பத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். கூடுதல் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான். அப்படியானால் மலிவில் நேராக வந்த ஒன்று கையில் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அருள் அப்படி ஒருவர் என்றுதான் நினைத்தேன்.

1997 ஆவணியில் அவர் வந்தார். ஜோகுபாளையத்துக்காரர். பகலில் கூரியர் கம்பெனியில் கவர்களைப் பிரித்து அடுக்கும் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. எங்கள் கடையிலேயே வாங்கிய மலிவுக் கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நடுத்தர விலைக் கிட்டாரைக் காட்டினார். இதைப்போல் மூன்றரை மடங்கு விலை.

"வசந்தாக்கா, இதுக்கே எதுனா பண்ணலாமா, இல்ல கடனை உடனை வாங்கி அதை எடுத்துரட்டுமா? எங்க குரூப்பு நாகராஜ் மாஸ்டர் கடைசியாச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஸ்டேஜுல ஙொய்யுனு எரையுது. ரெண்டு பாட்டு வாசிக்கறதுக்குள்ள சுதி எறங்கிப்போவுது. இன்னொரு புரோக்ராம்ல இப்புடி ஆச்சுன்னா வேற ஆளு வச்சுக்கறேன், நீ கீழ சேர்ல ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போன்றாரு." சிரித்துக்கொண்டே சேர்த்தார்: "கிட்டாரு மட்டும் இல்லக்கா, மைக்குல ஒதடு பட்டா சுர்ருங்குது. ஸ்டேஜே என்னை வாணாங்குது."

நானும் சிரித்தேன். மைக் விஷயத்தை அரைத்தாளில் எழுதவில்லை. அது கிட்டாரைப் பற்றியது அல்ல என்று விட்டுவிட்டேன்.

முறைப்படி செய்தேன். இரண்டு கிட்டாரின் பெயரையும் மறைத்து, இரண்டிலும் கடையில் எப்போதும் போடும் மெல்லிய கம்பிகளைப் புதிதாகப் போட்டேன். மறுநாள் பார்த்தேன். அருளின் கிட்டாருக்குக் கழுத்து நேர். உடம்பு ஒட்டுப்பலகைதான், என்றாலும் உறுதி. சுருதி மீட்டரில் முள் அசையவில்லை. இடது பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. வலது பக்கத்தில், பிக்கப்புகள் இரைச்சல், கீக்கள் லேசாக ஆட்டம். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். நல்ல பிக்கப்புகளும் புதுக் கீக்களும் போட்டேன். மேசையில் இரண்டையும் அடுத்தடுத்து மீட்டியபோது ராயப்பனாலேயே எது எது என்று சொல்ல முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை காலை அருள் மறுபடி வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குரல் எழவே இல்லை.

"நேத்தும் அதே எரைச்சல், அதே சுதி. மூணு பாட்டுக்கு வால்யூமைச் சுத்தமாக் கொறைச்சுட்டு, வெறும் கையை ஆட்டிக்கினு நின்னேன்க்கா. கீழ என் மச்சான் வீட்டு ஆளுங்க ஒக்காந்திருந்தாங்க. நல்லா வாசிச்சேன்னு வந்து சொல்லிட்டுப் போறாங்க."

அடுத்த ஞாயிறு அல்சூர் பக்கத்தில் ஒரு ரிசப்ஷன். மாஸ்டர் அதை மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

கிட்டாரை மேசையில் செருகினேன். இரைச்சல் இல்லை. அருள் என்னைப் பார்த்தார். நான் ராயப்பனைப் பார்த்தேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எங்க எரையுது?"

"ஸ்டேஜுல சார்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இந்தச் சீட்டுல எழுதியிருக்கறது நம்ம மேசையைப் பத்தி." சுவரிலிருந்த நடுத்தர விலைக் கிட்டாரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கெழமை போய்ட்டு வாங்க."

மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். ரிசப்ஷன் ஏழு மணிக்கு. மேடையில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வண்ணச் சீரியல் லைட்டுகள் எரிந்து எரிந்து அணைந்தன. முதலில் அருளின் கிட்டாரை அவர்களுடைய ஆம்பில் செருகினேன், இரைந்தது. அடுத்து நடுத்தர விலைக் கிட்டாரைச் செருகினேன். அதுவும் இரைந்தது. கொஞ்சம் குறைவாக, ஆனால் அதே இரைச்சல்.

"இதுவுமா?" என்றார் அருள். அந்தக் கிட்டாருக்காக அவர் ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவர்.

கம்பிகள்மேல் கையை வைத்தேன். இரைச்சல் தணிந்தது. எடுத்தேன், திரும்ப வந்தது. அப்போதுதான் மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்கிறது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போனேன். ஆம்பு, மைக், சீரியல் லைட் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து போயின. பெட்டியின் ஒயருக்குப் பிளக் இல்லை. இரண்டு முனைகளையும் சீவி, சுவர்த் துளைகளில் விட்டு, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்த வேண்டிய எர்த் ஒயர், மூன்றாவது, காற்றில் தொங்கியது. இரைச்சலுக்கும் ஷாக்குக்கும் அதுதான் காரணம்.

மைக்செட் ரஹ்மத் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அரே, எர்த்திங் கீர்த்திங் யாரு பாக்கறாங்க மேடம்? லைட்டு எரியுதா, மைக்கு கத்துதா, பஸ், அவ்ளோதான்."

"மைக்குல ஷாக் அடிக்குது பாய். பாடறவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவர் யோசித்தார். "எங்கிட்டயும் ஒரு பாட்டுக்காரம்மா சொன்னாங்க. தூரமா நின்னு பாடுங்கம்மான்னு சொல்லிட்டேன்." பிறகு ஒரு மூன்று முனைப் பிளக்கைத் தேடி எடுத்தார். "மேடைப் பாயிண்ட்டுல எர்த்தே கெடையாது மேடம். சமையக்கட்டுல கிரைண்டர் பாயிண்ட்டுல இருக்கும்."

சமையற்காரர் கையில் கரண்டியோடு வழியை மறித்தார். "பாட்டு ஒரு நாளைக்கு இல்லன்னா ஒண்ணும் ஆவாது. சட்னி இல்லன்னா என்னைத்தான் ஒதைப்பாங்க."

ஐந்து மணிக்கு அரைத்து முடித்துவிட்டுப் பாயிண்டைக் கொடுத்தார். ஆம்பையும் மைக்கையும் தனி ஒயரில் அங்கே இணைத்தோம். சீரியல் லைட் பழைய இடத்திலேயே இருந்தது. இரைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது, இரண்டு கிட்டாருக்கும். மிச்சமிருந்த சிறு இரைச்சலில்தான் நான் போட்ட பிக்கப்பின் பலன் இருந்தது. அளந்து சொன்னால் அவ்வளவுதான்.

இனி சுருதி. அருளின் கிட்டாரில் தடித்த கம்பியின் கீயைத் திருப்பினேன். முள் அசையவில்லை. இன்னும் திருப்பினேன். டிக்கென்று ஒரு சத்தம். முள் தாண்டிக் குதித்தது. கம்பி எங்கேயோ பிடித்துக்கொண்டு விடுகிறது. ப்ரூஃப் பார்த்த நாளிலிருந்து என் பையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு. கழுத்தின் தலைமாட்டில் ஒரு சிறிய வெள்ளைப் பட்டை இருக்கும், நட் என்போம். ஒவ்வொரு கம்பியும் அதில் வெட்டிய பள்ளத்தின் வழியாகத்தான் போகும். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கம்பி பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. வாயில் சிக்கி உட்கார்ந்திருந்தது.

"அருள், இது நான் போட்ட கம்பி இல்லியே?"

"இல்லக்கா. நீங்க போட்டது நூலு மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் கழட்டிட்டு, எப்பவும் போடற தடிச்ச கம்பியில புதுசா ஒரு செட்டைப் போட்டுட்டேன். உங்களோடதைப் பத்திரமா வச்சிருக்கேன்."

"ஏன் இவ்ளோ தடிப்பு?"

"எங்க குரூப்புல கீழ்ச் சுரம் வாசிக்கற பேஸ் கிட்டாருக்கு ஆளே இல்லியே. ரெண்டு வருசமா குத்துப்பாட்டுக்கெல்லாம் நானேதான் தடிச்ச கீழ்க் கம்பியில இழுத்துக்கினு இருக்கேன். மெல்லிசுல அடிச்சா அறுந்துபோவும்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீங்க கேக்கலியேக்கா."

உண்மைதான். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரே கம்பியைப் போட்டேன். அவருடைய கம்பியை நானே கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அதன் தடிமனைப் பார்க்கவில்லை. பழுது அந்தக் கம்பியோடு குப்பைக்குப் போயிற்று. சுத்தமான கிட்டார் ஒன்றைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தேன். கீக்களை மாற்றியது வீண் வேலை. பழைய கீக்களின் லேசான ஆட்டத்தால் சுருதி இறங்கவில்லை.

மணி ஐந்தரை. பையில் சிறிய அரங்கள் இருந்தன. பள்ளத்தை அகலப்படுத்தலாம். ஆனால் ஆழம் ஒரு முடியளவு கூடினாலும் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி நறநறக்கும். அந்தப் பட்டையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மாற்றுப் பட்டை கடையில் இருந்தது. கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது.

"தப்பா வெட்டிட்டா இன்னிக்கு வாசிக்க முடியாது" என்று அருளிடம் சொன்னேன். "வேணாம்னா இப்பவே சொல்லுங்க. கடைக் கிட்டாரைக் குடுக்கறேன்."

"அதுல என் கம்பி போவுமா?"

"போகாது. அதுக்கும் பள்ளம் மெல்லிசுதான். மெல்லிசுலயே வாசிக்கணும்."

கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். "அப்ப ரெண்டாவது பாட்டுலயே அறுத்துருவேன். வெட்டுங்க."

மணமேடைப் பூக்காரர்களின் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று தடித்த கம்பிகளின் பள்ளங்களை வெட்டினேன். நான்கு இழுப்பு, கண்ணாடி, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி நான்கு இழுப்பு. பள்ளங்களில் பென்சிலின் கரியைத் தேய்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கீயைத் திருப்பியபோது முள் நிதானமாக ஏறியது. கம்பியை இழுத்து விட்டேன். அதே இடத்துக்குத் திரும்பியது. அருள் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நாகராஜ் மாஸ்டர் ஆறரைக்கு வந்தார். கீபோர்டை விரித்தபடியே எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கிட்டார்களும் ஸ்டாண்டில் இருந்தன. இரண்டும் ஒரே வடிவம், ஒரே நிறம். இரண்டின் தலையிலும் பழுப்புத் தாள்.

"ஏனப்பா அருள், இவத்தாவது சரியா இருக்குமா?" இன்றைக்காவது என்பதை அவர் கன்னடத்தில் சொன்னார்.

"இருக்கும் மாஸ்டர்."

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டைக் கேட்கவில்லை, தடித்த கம்பியை மட்டும் கேட்டேன். ஏழாவது பாட்டு குத்துப்பாட்டு. குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆட வந்தார்கள். அருள் கீழ்க் கம்பியை முரட்டுத்தனமாக அடித்தார். பாட்டு முடிந்து அடுத்தது மெதுவான பாட்டு. சுருதி இறங்கியிருந்தால் இங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை. அவர் ஒரு தடவைகூடக் கீயைத் தொடவில்லை.

நிகழ்ச்சி முடிந்து நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். அருளின் கையிலிருந்த கிட்டாரைத் தட்டினார்.

"செட் ஆய்த்துப்பா. நல்ல கிட்டாருக்கு நல்ல காசு குடுத்தாத்தான் ஆகும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" ஸ்டாண்டில் இருந்த கடைக் கிட்டாரைக் கண்ணால் காட்டினார். "அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுடாத. கத்துக்கற பசங்க யாருக்காச்சும் ஆகும்."

அருள் என்னைப் பார்க்காமல், "சரிங்க மாஸ்டர்" என்றார்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ராயப்பனிடம் சொன்னேன். கீக்களை வீணாக மாற்றியதையும் சொன்னேன். அவர் அரைத்தாள் கட்டை எடுத்து, ஒவ்வொரு தாளின் தலையிலும் தன் கையாலேயே இரண்டு கேள்விகளை எழுதினார்: 'எந்தக் கம்பி? எந்த இடம்?' ஐம்பது தாள் இருக்கும். பதில் வாங்காமல் நடுக்கோடு போடக் கூடாது என்றார். அருளிடம் பழைய கீக்களைத் திரும்பப் பொருத்தித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும்க்கா, பளபளன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பிறகு வந்த ஆண்டுகளில் எலெக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்ட் அலுவலகங்களிலிருந்து சனிக்கிழமைதோறும் கூட்டம் வந்தது. மலிவுக் கிட்டார்களும் தேறின. 2004 வாக்கில் பெட்டிக்குப் பெட்டி கழுத்து நேராக வர ஆரம்பித்தது. அப்போதும் நடுத்தர விலைக் கிட்டார் ஃப்ரெட் முனைகளிலும், மார்ச் மாத வறட்சியைத் தாங்குவதிலும் ஒரு படி மேலேதான் இருந்தது. ஆகவே என்னிடம் கேட்ட இருவருக்கும் பதில்: இடது பக்கம் சுத்தமாக இருந்தால் மலிவை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு கேளுங்கள். கழுத்து கோணினால் அதற்கு ஒரு திருகுகூட வாங்கச் சொல்லாதீர்கள். எதற்கும் முன்னால் அந்த இரண்டு கேள்விகள்.

அருள் அந்தக் குழுவிலேயே இருந்தார். 2003இல், கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன பிறகு, நடுத்தர விலைக் கிட்டார் வாங்க வந்தார். இரண்டு மாடல்களை எடுத்து வைத்தேன். பழக்கத்தில் இரண்டின் பெயரையும் மறைத்தேன். டிராயரைத் திறந்து கடைக் கம்பியை எடுக்கப் போனபோது, அவர் சட்டைப் பையிலிருந்து தடித்த கம்பிப் பாக்கெட்டுகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மொதல்ல இதைப் போடுங்கக்கா. அப்புறம் எது நல்லதுன்னு சொல்லுங்க."